குத்தகையாளர் கையில் காற்பந்து மன்றம்: பெரெஸ் செய்தது சுங்கை சிப்புட்டில் நடக்குமா?

சிப்புட் கோல்கம்பம் (இழையைத் தொடங்கியவர்)

சுங்கை சிப்புட் மாமாக் கடையில் (மலேசியாவில் இரவெல்லாம் திறந்திருக்கும் உணவுக்கடை) நள்ளிரவு தாண்டியும் முடியாத வாதத்தை இங்கே கொண்டு வருகிறேன். அங்கே திரையில் ஆட்டம், மேசையில் ரொட்டி சானாய், ஆளாளுக்குக் கத்தல். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் ஏறவில்லை.

வாதம் இதுதான். நம் வட்டாரக் குழுவுக்கு ஜெர்சி வாங்கவே கையேந்த வேண்டியிருக்கிறது. "பெரிய குத்தகையாளர் (கட்டுமான ஒப்பந்தக்காரர்) ஒருவரைப் பிடித்துத் தலைவர் நாற்காலியில் உட்கார வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும், ஸ்பெயினின் ரியல் மெட்ரிட் காற்பந்து மன்றத்தின் ஃபுளோரெந்தினோ பெரெஸைப் பாருங்கள்" என்கிறது ஒரு கூட்டம். நானும் பெரெஸைத்தான் பார்க்கச் சொல்கிறேன், ஆனால் முழுதாக.

மனிதர் 1947-இல் மெட்ரிட்டில் பிறந்தவர். சாலை, பாலம், துறைமுகம் கட்டும் பொறியியல் படித்தவர். படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் அரசியலுக்குள் நுழைந்தார். பிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து ஸ்பெயின் தேர்தல் பாதைக்குத் திரும்பிய காலம் அது. 1979-இல் மெட்ரிட் நகராட்சியில் பொறுப்பு, பிறகு அரசுப் பதவிகள். 1986 பொதுத் தேர்தலில் ஒரு புதிய சீர்திருத்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இறங்கினார். கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. (தேர்தலில் தோற்றவர்களுக்கு நம் ஊரில் கோவில் தலைவர் பதவி இருக்கிறது. அவருக்கு அந்த வசதி இல்லை.)

அதற்கு முன்பே, 1983-இல், சில பொறியாளர்களோடு சேர்ந்து பாடலோனா நகரின் 'பாத்ரோஸ்' என்ற நொடித்துப்போன கட்டுமான நிறுவனத்தை வாங்கியிருந்தார். கொடுத்த விலை ஒரு பெசெட்டா. கடனைத் தோளில் ஏற்றிக்கொள்வதற்குப் பெயரளவில் ஒரு காசு. அதை நிமிர்த்தினார், அடுத்ததை வாங்கினார், இணைத்தார், மறுபடியும் வாங்கினார். 1997-இல் அந்த இணைப்புகளிலிருந்து ஏ.சி.எஸ். என்ற அவருடைய கட்டுமானக் குழுமம் பிறந்தது. 2003-இல் டிராகடோஸ் என்ற பழம்பெரும் நிறுவனம் உள்ளே வந்தது. 2011-இல் ஜெர்மனியின் ஹோக்டீஃப் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு கைக்கு வந்தது.

இவ்வளவு செல்வாக்கு உள்ளவர் ரியல் மெட்ரிட்டை வாங்கினாரா? இல்லை, வாங்கவும் முடியாது. 1990-இல் ஸ்பெயின் கொண்டுவந்த விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்முறை மன்றங்களைப் பங்கு நிறுவனங்களாக மாற்றியது. விதிவிலக்குப் பெற்ற நான்கில் மெட்ரிட் ஒன்று. உடைமை உறுப்பினர்களிடம் இருக்கிறது. தலைவரை அவர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1995-இல் நின்று, 700-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். 2000-இல் மறுபடியும் நின்றார். எதிரே இருந்த லொரென்சோ சான்ஸ் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர். பெரெஸ் சொன்னது ஒன்றுதான்: எதிரி மன்றமான பார்சிலோனாவின் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபிகோவை அழைத்து வருவேன், வராவிட்டால் உறுப்பினர்களின் அந்தப் பருவச் சீட்டுக்கு நான் பணம் கட்டுகிறேன். 3,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஃபிகோவும் வந்தார், அன்றைய உலகச் சாதனை விலையான ஏறத்தாழ 6 கோடி யூரோவுக்கு.

சரி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அவர் சட்டைப் பையிலிருந்து வரவில்லை. மன்றத்தின் பழைய பயிற்சித் திடலை விற்றார்கள். நகரின் பிரதான சாலையில் இருந்த நிலம் அது, 2001-இல் ஏறத்தாழ 48 கோடி யூரோ. பழைய கடன் தீர்ந்தது, சிடானும் ரொனால்டோவும் பெக்கமும் வந்தார்கள். நம் ஆட்கள் அவரைக் காசு கொட்டும் வள்ளலாகப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிவது நிலத்தின் விலையை மோப்பம் பிடிக்கும் மூக்கு.

மெட்ரிட் வெறியன்

அண்ணா, நீட்டி முழக்கிவிட்டீர்கள். கிண்ணங்களை எண்ணுங்கள் போதும். 2002, 2014, 2016, 2017, 2018, 2022, 2024. ஏழு ஐரோப்பியக் கிண்ணம். அரங்கத்துக்கே பெயர் கொடுத்த சந்தியாகோ பெர்னபேவு 35 ஆண்டு தலைவராக இருந்து எடுத்தது ஆறு. 2023-24-இல் ஒரே பருவத்தில் 100 கோடி யூரோ வருமானத்தைத் தாண்டிய முதல் காற்பந்து மன்றமும் இதுதான். நிலமோ மூக்கோ, வேலை நடந்திருக்கிறதா இல்லையா? 2024 இறுதியாட்டத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தவன் நான், எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

கட்டலான் பக்கம்

தம்பி, அந்தப் பட்டியலில் 2002-க்கும் 2014-க்கும் நடுவே உள்ள பள்ளத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார். 2003-இல் லீக் பட்டம் வென்ற மறுநாளே பயிற்சியாளர் டெல் போஸ்கேயை வழியனுப்பியவர் உன் தலைவர். அதே கோடையில் மக்கேலேலேயை செல்சிக்கு விட்டுக்கொடுத்தார். நடுக்களத்தில் பந்தைப் பறிக்க ஆள் இல்லை. முன்வரிசையில் மட்டும் நட்சத்திரங்கள். தூண் போடாமல் மாடி கட்டிய கதை, அதுவும் ஒரு கட்டுமானக்காரர். 2006 பிப்ரவரியில் அவரே பதவி விலகினார். 2009-இல் திரும்பி வந்தபோது எதிர்த்து நிற்க யாருமில்லை.

இன்னொன்று. கட்டுமான முதலாளி மன்றத் தலைவராவது ஸ்பெயினில் பெரெஸோடு தொடங்கியதல்ல. எங்கள் பார்சிலோனாவை 1978 முதல் 2000 வரை ஆண்ட நூன்யெஸ் வீடு கட்டி விற்றவர்தான். மன்றத்தின் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார் என்பார்கள். அவருடைய தொழில் கணக்கு வேறு மாதிரி இருந்தது: வரி அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் தண்டனை பெற்று, 2014-இல் எண்பது வயதைத் தாண்டிச் சிறைக்குப் போனார். அட்லெட்டிகோ மெட்ரிட்டின் ஹெசூஸ் கில் இன்னும் மோசம். 1969-இல் அவர் கட்டிய ஓர் உணவகக் கட்டடம் இடிந்து 58 பேர் செத்தார்கள். சிறைக்குப் போனார், பிராங்கோ மன்னித்து விட்டார். அப்புறம் 1987-இல் மன்றத் தலைவர், 1991-இல் மார்பெயா நகர மேயர். கடற்கரை ஊர், கட்டட அனுமதி கொடுக்கும் நாற்காலியில் கட்டட முதலாளி. நீங்கள் தேடும் 'பெரிய குத்தகையாளர்' இந்த மூவரில் யார் மாதிரி வருவார் என்று எப்படித் தெரியும்?

மெட்ரிட் வெறியன்

பார்சா ரசிகர் வாயால் நூன்யெஸைத் திட்டக் கேட்டது இன்றைய நாளின் பரிசு. நன்றி அண்ணா.

பழைய லெஃப்ட் பேக்

எனக்கு ஒரு சந்தேகம். பயிற்சித் திடலை விற்றுக் கடனை அடைத்தார் என்கிறீர்கள். அப்படியானால் பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள்?

பாலம் கட்டுபவள்

ஐயா, சரியான கேள்வி. நான் இருபது ஆண்டுகளாகக் கட்டுமானத் துறையில் இருப்பவள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தத் திடலை 1960-களில் மெட்ரிட் அமைத்தபோது அது நகரின் ஓரம். நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. ஆனால் நகரத் திட்ட வரைபடத்தில் அது விளையாட்டுக்கான நிலம். விளையாட்டுக்கான நிலத்துக்கு விலை கிடையாது, யார் வாங்கிக் கோல் போடப் போகிறார்கள்? வரைபடத்தில் அதன் வகை அலுவலகக் கட்டடங்களுக்கென்று மாறிய நாளில்தான் புல்லுக்கடியில் தங்கம் முளைத்தது. அந்த மாற்றத்துக்கு நகராட்சியும் மாநில அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகராட்சியில் வேலை பார்த்த, அமைச்சுகளின் படியேறத் தெரிந்த, கட்டுமானம் கற்ற ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் விஷயம். இன்று அங்கே நிற்கும் நான்கு கோபுரங்களும் ஸ்பெயினிலேயே உயரமானவை.

பிள்ளைகளுக்கு? விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வால்தேபேபாஸ் என்ற இடத்தில் 120 ஹெக்டர் நிலம் வாங்கி, 2005-இல் புதிய பயிற்சி மையம் திறந்தார்கள். பழையதைவிடப் பல மடங்கு பெரியது. விற்றவர் திடலை அழித்துவிட்டுப் போகவில்லை, நகரின் விலையுயர்ந்த மூலையிலிருந்து மலிவான மூலைக்கு நகர்த்தினார். வித்தியாசம் மன்றத்தின் கணக்கில் சேர்ந்தது. நகராட்சியோடு மன்றம் செய்த இன்னொரு நிலப் பரிமாற்றத்தில் 1.84 கோடி யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஐரோப்பிய ஆணையம் 2016-இல் உத்தரவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் அதை ரத்து செய்தது. ஆகச் சட்டப்படி கை சுத்தம். ஆனால் எல்லா மன்றத்துக்கும் அந்த மேசையில் நாற்காலி கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

கிராணி வீட்டுப் பேரன்

இப்போதைய புதிய அரங்கத்தையும் அவருடைய நிறுவனமே கட்டி லாபம் பார்த்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அது மட்டும் முறையா?

பாலம் கட்டுபவள்

இல்லை தம்பி. பெர்னபேவு அரங்கப் புதுப்பிப்பு வேலை 2019-இல் எஃப்.சி.சி. என்ற போட்டி நிறுவனத்துக்குத்தான் போனது. ஏ.சி.எஸ். அந்த வேலையைச் செய்யவில்லை. குறை சொல்வதானால் வேறு இடத்தில் சொல்லலாம். 57.5 கோடி யூரோக் கடனோடு தொடங்கியது, மேலும் இரண்டு கடன்கள் சேர்ந்து 117 கோடியில் வந்து நின்றது. இசை நிகழ்ச்சிகளால் திருப்பிக் கட்டுவோம் என்பது கணக்கு. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் சத்தத்தை எதிர்த்து வழக்குப் போட, 2024 செப்டம்பரில் நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தப் புல்தரை! தொழில்காரியாகச் சொல்கிறேன், அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆடுகளத்தை நீளவாக்கில் ஆறு தட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டும் பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தடிக் குழிக்குள் இறங்கி, அடுக்கடுக்காக நிற்கும். கீழே விளக்கு வெளிச்சம், தண்ணீர், காற்று எல்லாம் உண்டு. புல் அங்கேயே வளரும். மேலே மறுநாள் கண்காட்சி நடத்தலாம், கூடைப்பந்து ஆடலாம். ஈரமண்ணும் புல்லும் சுமந்த ஒரு தட்டின் எடையை யோசியுங்கள். அதைத் தொய்வில்லாமல் நகர்த்தி, மறுபடியும் மேலே கொண்டுவந்து, ஆட்டக்காரன் கால் தடுக்காத அளவுக்கு விளிம்போடு விளிம்பு பொருத்த வேண்டும்.

அவருடைய தொழில் பக்கத்தில் கறை இல்லாமல் இல்லை. காஸ்டோர் என்றொரு திட்டம்: கடலுக்கடியில் ஓய்ந்துபோன எண்ணெய்க் கிணற்றில் எரிவாயுவைச் சேமிப்பது. திட்ட நிறுவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏ.சி.எஸ். கையில். 2013-இல் வாயுவைச் செலுத்தத் தொடங்கியதும் அந்தக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள். திட்டம் நின்றது. ஆனால் 2014-இல் அரசு அந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 135 கோடி யூரோ இழப்பீடு கொடுத்து, அந்தச் சுமையை எரிவாயு பயன்படுத்தும் மக்களின் கட்டணத்தில் ஏற்றியது. 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தள்ளுபடி செய்தது. வேலை பாதியில் நின்றால் நம் ஊர்ச் சின்னக் குத்தகையாளர் வீட்டை அடகு வைக்கிறார். அங்கே அரசாங்கம் பணம் எடுத்து நீட்டுகிறது.

கிராணி வீட்டுப் பேரன்

டோலை விட்டுவிட்டீர்களே அக்கா. 2018-இல் ஏ.சி.எஸ்., ஹோக்டீஃப், இத்தாலியின் அட்லாண்டியா மூன்றும் சேர்ந்து அபெர்டிஸ் என்ற நெடுஞ்சாலைக் கட்டண நிறுவனத்தை வாங்கின. ஹோக்டீஃப் வழியாகக் கைக்கு வந்த அமெரிக்காவின் டர்னர்தான் துபாய் புர்ஜ் கலீஃபா கட்டுமானத்தின் திட்ட மேலாண்மையைப் பார்த்தது. சாலை போடு, கட்டணம் வாங்கு. நம் ஊருக்கு இது புரியாத சங்கதியா? 1974 முதல் 2008 வரை நம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு பல ஆண்டுகள் பொதுப்பணி அமைச்சராகவும் இருந்தவர். டோல் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருத்து இருக்கும்.

கட்டலான் பக்கம்

அரசியலை இழுக்காதே, இழை பூட்டப்பட்டுவிடும்.

பழைய லெஃப்ட் பேக்

பிள்ளைகளே, என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பெண் சொன்னதில் எனக்குத் தைத்தது ஒரு விஷயம்: மெட்ரிட் விற்றது தன் பெயரில் இருந்த நிலத்தை.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கிழக்கே பால் ஸ்டோர், மேற்கே மாரியம்மன் கோவில், வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு கால்வாய். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, நாலு மணிக்கு இறங்குவோம். கோடு போட அடுப்புச் சாம்பல். மழை பெய்தால் தெற்கு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்த மூலைக்குப் பந்தை அனுப்பி எதிராளியை வழுக்க வைப்பதுதான் எங்கள் தந்திரம். தோட்டங்களுக்கிடையே நடக்கும் போட்டிக்கு வெள்ளைக்காரத் துரை கிண்ணம் கொடுத்தார், பிறகு வந்த நம் நாட்டு மேனேஜரும் கொடுத்தார். 1970-களிலும் 80-களிலும் நாட்டின் கோலைக் காத்த ஆர். ஆறுமுகத்தைப் பார்த்துத்தான் எங்கள் பையன்கள் பாய்ந்து பழகினார்கள். மண்தரையில் பாய்ந்தால் முழங்கைத் தோல் மிஞ்சாது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் நாடு புறக்கணித்தது. அந்த வருத்தம் எங்கள் தலைமுறைக்குப் போகாது.

தோட்டம் கைமாறியது. மரத்தை வெட்டினார்கள், கொஞ்ச நாள் செம்பனை, பிறகு வீடமைப்பு. லயத்து வீடுகளுக்காகப் போராடினோம், கோவிலுக்காகப் போராடினோம். திடலுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. 'நம்ம திடல்' என்று ஆயுள் முழுக்கச் சொன்னோமே தவிர நிலப்பட்டா யார் பெயரில் என்று கேட்டதில்லை. குழு இரண்டு பருவம் வேறு இடத்தில் இரவல் திடலில் ஆடியது. அப்புறம் இல்லை. அங்கே ஒரு பெரெஸ் தலைவராக இருந்தாலும் எதை விற்றிருப்பார்?

அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர்தான். 1950-களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினான். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. உறுப்பினர் சேர்ந்து சொத்து வைத்திருப்பது ஸ்பெயின்காரன் கண்டுபிடித்ததல்ல. என் தகப்பனாரின் பங்குப் பத்திரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

சிப்புட் கோல்கம்பம்

ஐயா, நான் ஒரு பக்கம் எழுதிச் சொல்ல வந்ததை நீங்கள் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டீர்கள். முதலில் சொத்து, அப்புறம்தான் தலைவர்.

மெட்ரிட் வெறியன்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறுப்பினர் உடைமை என்று இவ்வளவு புகழ்ந்தால், அதை இருபது ஆண்டுக்கு மேல் நடத்திக் காட்டியவரையும் புகழத்தானே வேண்டும்?

கட்டலான் பக்கம்

நடத்திக் காட்டினாரா, கதவைச் சாத்தினாரா? 2012-இல் மன்ற விதிகளை மாற்றினார்கள். தலைவர் தேர்தலில் நிற்க 20 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும். ஸ்பெயின் குடிமகனாக இருக்க வேண்டும். மன்ற வரவுசெலவில் 15 விழுக்காட்டுக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும், அதுவும் சொந்தச் சொத்தின் பேரில். உன் 100 கோடி வருமானக் கணக்கையே வைத்துக்கொள்: 15 கோடி யூரோவுக்கு உத்தரவாதம் காட்டினால்தான் வேட்புமனுவே. 2013, 2017, 2021, 2025, நான்கு முறையும் போட்டியின்றித் தேர்வு. பத்து வெள்ளி கட்டிய பால்வெட்டுத் தொழிலாளி இந்த விதியில் எங்கே நிற்பான்?

மெட்ரிட் வெறியன்

மன்றத்தைக் கடனில் தள்ளிவிட்டு ஓடுபவர்களைத் தடுக்கத்தான் அந்த உத்தரவாதம். உங்கள் பார்சிலோனாவின் கடன் கணக்கை எடுத்து வரவா?

பாலம் கட்டுபவள்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 2021 ஏப்ரலில் சூப்பர் லீக் என்று 12 பெரிய மன்றங்களைக் கூட்டித் தனிக்கடை போட முயன்றதும் இதே மனிதர். இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், இரண்டு நாளில் கூடாரம் காலி. நிலம், ஒப்பந்தம், அதிகாரிகள், இவை இருக்கும் அறையில் அவரை வெல்ல முடியாது. ரசிகன் வந்து கதவைத் தட்டினால்தான் தடுமாறுகிறார்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஒரே புரவலரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் வரை போக வேண்டாம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் மலேசிய சூப்பர் லீக் வரை ஏறிய மன்றம், 2022 பருவத்தோடு களத்தை விட்டு விலகியது. நம் பையன்கள் எத்தனை பேருக்கு அது ஏணியாக இருந்தது! புரவலர் விலகினால் பின்னால் நிற்க உறுப்பினரும் இல்லை, விற்க நிலமும் இல்லை.

கிராணி வீட்டுப் பேரன்

அப்படியானால் என்னதான் செய்வது? இங்கே எல்லாரும் பேசிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள்.

பாலம் கட்டுபவள்

பெரிதாக ஒன்றும் இல்லை, நம் கைக்கு எட்டியது. புதிய தாமான் (வீடமைப்புப் பகுதி) வரும்போது மேம்பாட்டாளர் நிலத்தில் பத்து விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது நகரத் திட்டத் துறையின் வழிகாட்டி. அந்தப் பத்து விழுக்காட்டை எங்கே காட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது. மழைநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம், சாலையோரம் ஒரு பட்டை, இப்படித் துண்டு துண்டாகக் காட்டிக் கணக்கை முடிப்பார்கள். பதினொரு பேர் ஓட ஒரே செவ்வகம் வேண்டும். திட்ட வரைபடம் ஊராட்சி மன்றத்துக்குப் போகும் கட்டத்திலேயே கேட்டால்தான் கிடைக்கும். வேலி போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

அதைக் கேட்க ஓர் அமைப்பு வேண்டும். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்த மன்றமாக இருந்தால் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. நம் குழு இன்னும் வாட்ஸ்அப் குழுவாகத்தான் இருக்கிறது.

மெட்ரிட் வெறியன்

பதிவு செய்தால் தலைவர் யார்? குத்தகையாளர் வேண்டாம் என்றால் லெஃப்ட் பேக் ஐயாவே நிற்கட்டும். 15 விழுக்காட்டு உத்தரவாதத்துக்கு நான் பத்து வெள்ளி தருகிறேன்.

பழைய லெஃப்ட் பேக்

நான் தலைவர் பதவிக்கு வரவில்லை. பழைய தோட்டத்துப் பக்கம் அடுத்த கட்ட வீடமைப்புக்கு அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள், நேற்று மோட்டார் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். அதில் உள்ள திட்ட எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பொறியியலாளர் பெண்ணுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வரைபடத்தை எங்கே கேட்டு வாங்குவது என்று சொல்லம்மா.

பாலம் கட்டுபவள்

அனுப்புங்கள் ஐயா. திங்கட்கிழமை ஈப்போவில் எனக்கு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு ஊராட்சி மன்றத்தின் திட்டப் பிரிவுக்கு நேரே வந்துவிடுகிறேன். நீங்களும் வாருங்கள். பழைய திடல் எந்த இடத்தில் இருந்தது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட உங்களைத் தவிர ஆளில்லை.

கட்டலான் பக்கம்

நானும் வருகிறேன். பதிவுப் பாரத்தை நிரப்ப மெட்ரிட் ரசிகனை மட்டும் நம்பி விடக்கூடாது.